ரவுட்டரில் ‘நாடு’ எதை வைப்பது? ஜெர்மனி ரவுட்டர், பினாங்கு வீடு, மதியத்தில் காணாமல் போகும் 5 கிகாஹெர்ட்ஸ்

ஜெலுத்தோங் வாசி | ஞாயிறு காலை 9.12

அனைவருக்கும் வணக்கம். வீட்டு வைஃபை விஷயமாக ஓர் உதவி வேண்டும். ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அண்ணன், அங்கே பயன்படுத்திய ரவுட்டரைக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தார். நல்ல பெட்டி, நான்கு ஆண்டெனா. ஃபைபர் மோடத்தில் செருகி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் போட்டு, நெட் வந்துவிட்டது. அதில் குறையில்லை.

தொல்லை 5 கிகாஹெர்ட்ஸில்தான். சில நாள் மதியம், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே 5 கிகா பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறது. ஒரு நிமிடம் கழித்துத் தானாக வருகிறது. மகள் ஆன்லைன் டியூஷனில் இருக்கும்போது இப்படி ஆனால் வகுப்பே அறுந்துபோகிறது. இன்னொன்று, கூடத்தில் இருக்கும் டிவி பெட்டிக்கு இந்த 5 கிகா கண்ணிலேயே படவில்லை. அதே இடத்தில் நின்று கைப்பேசியில் பார்த்தால் சிக்னல் முழுசாக இருக்கிறது.

ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன். ‘நாடு / வட்டாரம்’ என்று ஓர் இடம், அதில் ஜெர்மனி இருக்கிறது. சேனல் ‘ஆட்டோ’. இந்த நாட்டு அமைப்புக்கும் என் தொல்லைக்கும் சம்பந்தம் உண்டா? மாற்றலாமா, மாற்றினால் ஏதாவது கெட்டுப்போகுமா?

வேகப்பிரியன் | ஞாயிறு காலை 9.40

சம்பந்தம் நிறைய உண்டு. பேசாமல் அமெரிக்கா வையுங்கள். பவர் கூடும், சிக்னல் மாடிவரை போகும். யூடியூபில் நிறைய பேர் சொல்கிறார்கள்.

கோபுரம் | ஞாயிறு காலை 10.25

ஜெலுத்தோங் அண்ணே, மாற்றுவதற்கு முன் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். ரவுட்டரில் ‘சிஸ்டம் லாக்’ என்று ஒரு பக்கம் இருக்கும். 5 கிகா மறைந்த நேரத்தில் அங்கே என்ன பதிவாகியிருக்கிறது? ‘ரேடார்’ என்றோ ‘டிஎஃப்எஸ்’ என்றோ ஏதாவது வரி இருக்கிறதா? அப்புறம், இப்போது 5 கிகா எந்தச் சேனலில் நிற்கிறது?

கோலாலம்பூரில் கொண்டோ, அலுவலகம் என்று வைஃபை பொருத்துவதுதான் என் தொழில். நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால் எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. லாக் பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஜெலுத்தோங் வாசி | ஞாயிறு காலை 11.03

பார்த்தேன் அண்ணே. மறைந்த நேரத்துக்கு நேராக ‘ரேடார் கண்டறியப்பட்டது, சேனல் மாற்றப்படுகிறது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அதற்கு முன்பு சேனல் 116, இப்போது 100. சேனல் பட்டியலைத் திறந்தால் 36 முதல் 64 வரையும், 100 முதல் 140 வரையும் இருக்கின்றன. அதற்கு மேல் எதுவும் இல்லை.

கோபுரம் | ஞாயிறு பகல் 12.18

அப்படியானால் ஊகம் சரி. கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி மாதம் தவறாமல் யாரிடமிருந்தாவது வருகிறது.

5 கிகாஹெர்ட்ஸ் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே துண்டு இல்லை. 36 முதல் 48 வரையிலான சேனல்கள் 5150–5250 மெகாஹெர்ட்ஸில் இருக்கின்றன. 52 முதல் 64 வரை அடுத்த 100 மெகாஹெர்ட்ஸ். 100-இல் தொடங்கும் வரிசை 5470-க்கு மேல். 149 முதல் 165 வரை 5725-க்கு மேல். இதில் நடுவில் உள்ள இரண்டு கூட்டமும், அதாவது 52–64-உம் 100-க்கு மேல் வருபவையும், ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் பகுதி. 2003-இல் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் இந்தப் பகுதியை வைஃபைக்குத் திறந்துவிட்டபோதே, ரேடார் வந்தால் வைஃபை விலகிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் திறந்தார்கள். அந்த விலகும் வேலைக்குப் பெயர்தான் டிஎஃப்எஸ்.

அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் மதியத் தொல்லை புரிந்துவிடும். அந்தச் சேனலில் ஏறுவதற்கு முன் ரவுட்டர் 60 விநாடி வாயைத் திறக்காமல் காதை மட்டும் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். ரேடார் துடிப்பு எதுவும் இல்லை என்றால்தான் ஒலிபரப்பலாம். ஏறிய பிறகும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். துடிப்பு கேட்டால் 10 விநாடிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும், 30 நிமிடம் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. உங்கள் ரவுட்டர் 116-ஐ விட்டு 100-க்கு ஓடியது. 100-உம் அதே ரேடார் பகுதி என்பதால் அங்கேயும் 60 விநாடி காத்திருந்தது. நீங்கள் சொன்ன ‘ஒரு நிமிடம்’ இதுதான்.

டிவி பெட்டி விஷயமும் இதே வேர்தான். மலிவு விலை டிவி பெட்டிகள், சிசிடிவி கேமராக்கள், சில பழைய கைப்பேசிகள் இந்த நடுப்பகுதிச் சேனல்களைக் கேட்கவே மாட்டா. டிஎஃப்எஸ் சோதனைக்குச் செலவழிக்க விரும்பாத தயாரிப்பாளர்கள் அந்தப் பகுதியையே அடைத்துவிடுவார்கள். சிக்னல் அருகிலேயே இருந்தாலும் பெட்டிக்கு அது இல்லாத மாதிரிதான்.

இனி நாட்டுக்கு வருவோம். ஐரோப்பாவில் 5725-க்கு மேல் வெறும் 25 மில்லிவாட்தான் அனுமதி. அதனால் ஜெர்மனி என்று வைத்தால் பெரும்பாலான ரவுட்டர்கள் 149-ஐயும் அதற்கு மேல் உள்ளவற்றையும் காட்டவே காட்டாது. மலேசியாவில் அந்தப் பகுதி 1 வாட் வரை திறந்திருக்கிறது, டிஎஃப்எஸ் தொல்லையும் இல்லை. ஜெர்மனி அமைப்பு உங்களிடமிருந்து நம் நாட்டின் மிக வசதியான சேனல்களை மறைத்து வைத்திருக்கிறது. நாட்டை மலேசியா என்று மாற்றுங்கள். மறுதொடக்கம் ஆனதும் சேனலை ‘ஆட்டோ’விலிருந்து எடுத்து 149-இல் நிறுத்துங்கள், அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். 149, 153, 157, 161 நான்கும் சேர்ந்து ஒரு 80 ஆகும்.

வேகப்பிரியன் | ஞாயிறு பகல் 1.05

149 வேண்டுமென்றால் அமெரிக்கா வைத்தாலும் வருமே அண்ணே. அதோடு பவரும் கூடுதல். மலேசியா வைப்பதில் என்ன லாபம்?

கோபுரம் | ஞாயிறு மாலை 4.47

//அமெரிக்கா வைத்தாலும் வருமே//

வரும். கூடவே வேண்டாதவையும் வரும். லினக்ஸ் அடிப்படையில் ஓடும் ரவுட்டர்களுக்கு எந்த நாட்டில் எந்த அலைவரிசை, எவ்வளவு பவர் என்ற அட்டவணை ஒன்று உண்டு. அதில் மலேசியாவுக்கான வரியில் நடுப்பகுதி 5650 மெகாஹெர்ட்ஸில் நின்றுவிடும். அமெரிக்க வரி 5730 வரை போகும். அமெரிக்கா என்று வைத்து ‘ஆட்டோ’வில் விட்டால், ரவுட்டர் 132, 136, 140, 144 என்று நம் வரிக்கு வெளியே போய் உட்காரும். நம் வரியை நம்பி நடக்கும் மடிக்கணினிக்கு அந்தச் சேனல் தெரியாது. பிறகு ‘அப்பா கைப்பேசியில் வருகிறது, என் லேப்டாப்பில் வரவில்லை’ என்று வீட்டுக்குள் வழக்கு.

பவர் பற்றி. 2.4 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்க விதி ஆண்டெனா பலத்தையும் சேர்த்து 4 வாட் வரை விடும். இங்கே 500 மில்லிவாட். எட்டு மடங்கு என்று கேட்கும்போது பெரிதாகத் தெரியும். ஆனால் அது டெசிபெல் கணக்கில் 9 மட்டுமே. நாலைந்து செங்கல் சுவர் இருக்கும் தாமான் வீட்டில் 9 டெசிபெல் ஒன்றிரண்டு சுவரிலேயே கரைந்துவிடும். அதுவும் ரவுட்டரின் சில்லுக்கு அவ்வளவு பவர் கொடுக்கும் சக்தி இருந்தால்தான். பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளுக்கு இல்லை. அமைப்பில் எண்ணை மாற்றினால் வன்பொருள் வளர்ந்துவிடாது.

அதைவிட முக்கியம், வைஃபை இரு வழிப் பேச்சு. ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும், கையில் இருக்கும் கைப்பேசியின் மெல்லிய குரல் ரவுட்டரை எட்டவில்லை என்றால் இணைப்பு அறுந்துபோகும். நான்கு கோடும் காட்டும், பக்கம் திறக்காது. கொண்டோக்களில் பலமுறை இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். பவரைக் கூட்டிவிட்டு ‘சிக்னல் முழுசாக இருக்கிறது, ஆனால் வாட்ஸ்அப் அழைப்பு உடைகிறது’ என்பார்கள். பவரைக் குறைத்து, ரவுட்டரை வீட்டின் நடுவுக்கு நகர்த்தினால் சரியாகிவிடும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி, ரவுட்டர் தயாரிக்கும் டிபி-லிங்க் நிறுவனத்தோடு 2,00,000 டாலருக்கு ஒரு தீர்வுக்கு வந்தது. காரணம், அவர்களுடைய சில ரவுட்டர்களில் பயனர் நாட்டுக் குறியீட்டை மாற்றி அனுமதித்த அளவைத் தாண்டிய பவரில் இயக்க முடிந்தது. அமெரிக்காவில் விற்கும் பல ரவுட்டர்களில் நாடு மாற்ற வழியே இல்லாமல் பூட்டியிருப்பதற்கு இந்த மாதிரி நெருக்கடிதான் பின்னணி. நம் ஊரில் 1998-ஆம் ஆண்டின் தொடர்பு மற்றும் பல்லூடகச் சட்டத்தின் கீழ் அலைவரிசையைப் பார்த்துக்கொள்வது எம்சிஎம்சி என்ற அரசு ஆணையம். வீட்டு வைஃபைக்குத் தனி உரிமம் வாங்காமல் நாம் பயன்படுத்துவது, அவர்கள் வகுத்த அளவுக்குள் இருக்கிறோம் என்ற நம்பிக்கையில்தான்.

மழைக்கணக்கு | ஞாயிறு இரவு 8.30

இழையை இப்போதுதான் பார்க்கிறேன். ரேடார் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். பாயான் லெப்பாஸ் விமான நிலையமும், அக்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளமும் இருப்பதால் ‘விமான ரேடார்தான் என் வைஃபையைத் துரத்துகிறது’ என்று பினாங்கில் பலர் சொல்வார்கள். விமானங்களை வழிநடத்தும் ரேடார்கள் பெரும்பாலும் 5 கிகாவுக்குக் கீழே, வேறு அலைவரிசையில் இயங்குபவை. 5600–5650 மெகாஹெர்ட்ஸில் இருப்பது பெரும்பாலும் வானிலை ரேடார். மழை மேகம் எங்கே திரள்கிறது, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பது அது. சேனல் 120, 124, 128 மூன்றும் நேராக அதன் மேல் உட்காருபவை. ஐரோப்பிய விதியில் அந்த மூன்றில் ஏறுவதற்கு முன் 60 விநாடி போதாது, 10 நிமிடம் கேட்க வேண்டும். இராணுவ ரேடார்களும் இந்த 5 கிகா நடுப்பகுதியில் வேறு இடங்களில் உண்டு. சில சமயம் உண்மையான ரேடார் இல்லாமலே, பக்கத்து ரவுட்டரின் இரைச்சலை ரேடார் என்று எண்ணி ஓடுவதும் நடக்கும்.

நான் இதை எழுதுவதற்குக் காரணம், டிஎஃப்எஸ்ஸை அணைக்க வழி தேடுபவர்கள் இருக்கிறார்கள். நாடு மாற்றினால் அணைந்துவிடுமா என்று கேட்கிறார்கள். 2009-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய வானிலை ரேடாரில் குறுக்கீடு வந்து அமெரிக்க அரசே ஆராய வேண்டியதாயிற்று. ரேடார் திரையில் கோடு கோடாக விழும், அந்தத் திசையில் மழை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மூழ்கியதை நேரில் கண்டவர்கள் நாம். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்ற தெருக்கள் உங்கள் ஜெலுத்தோங்கைச் சுற்றியே உண்டு. மழையைப் பார்க்கும் கண்ணில் நாமே தூசி போடக் கூடாது. தயவுசெய்து இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேகப்பிரியன் | ஞாயிறு இரவு 9.02

இந்தப் பக்கம் எனக்குத் தெரியாது சார். நன்றி. என் வீட்டிலும் மலேசியாவுக்கு மாற்றிவிடுகிறேன்.

செந்தூல் டீச்சர் | திங்கள் காலை 7.20

நல்ல பயனுள்ள இழை. கூடவே ஒரு கேள்வி. நான் கோலாலம்பூரில் 17 மாடி அடுக்ககத்தில் இருக்கிறேன். 2.4 கிகாவில் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் குவிந்து கிடக்கிறது. அதனால் ரவுட்டரைப் பொருத்த வந்த பையன் சேனல் 13-இல் வைத்துவிட்டுப் போனார், ‘அங்கே யாரும் இல்லை’ என்றார். உண்மையிலேயே வேகம் கூடியது. ஆனால் அமெரிக்காவிலிருந்து தங்கை அனுப்பிய டேப்லெட்டுக்கு மட்டும் வீட்டு வைஃபை தெரியவில்லை. டேப்லெட் பழுதா?

கோபுரம் | திங்கள் காலை 8.05

டேப்லெட் நன்றாகத்தான் இருக்கும் டீச்சர். அமெரிக்காவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் நடைமுறையில் 1 முதல் 11 வரைதான். 12, 13-ஐ அந்த ஊர்ச் சாதனங்கள் பல தேடவே தேடாது. மலேசியாவில் 13 வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். 14 ஜப்பானுக்கு மட்டும், அதுவும் 802.11பி என்ற பழைய வைஃபை முறைக்கு.

நவீன சாதனங்கள் சில புத்திசாலித்தனமாக நடந்துகொள்ளும். ரவுட்டர்கள் தம் பெயரை ஒலிபரப்பும்போது கூடவே ‘நான் இன்ன நாட்டில் இருக்கிறேன்’ என்ற குறியீட்டையும் அனுப்பும். 2001-இல் வந்த 802.11டி என்ற தரம் கொண்டுவந்த ஏற்பாடு அது. மடிக்கணினி அதைக் கேட்டுத் தன் சேனல் பட்டியலை மாற்றிக்கொள்ளும். ஆகவே அடுக்ககத்தில் ஒருவர் தம் ரவுட்டரை அமெரிக்கா என்று வைத்தால் அது அவர் வீட்டோடு நிற்காது. பக்கத்து வீட்டு மடிக்கணினி சுற்றிலும் கேட்டுப் பார்க்கும்போது இரண்டு நாட்டுக் குறியீடுகள் மோதும், அது குழம்பி எல்லாவற்றிலும் குறைவான பட்டியலுக்கு இறங்கிவிடலாம். ஆப்பிள் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் சிஸ்டம் தகவலில் வைஃபை பகுதியைத் திறந்தால் கணினி தன்னை எந்த நாட்டில் இருப்பதாக நினைக்கிறது என்று பார்க்கலாம். ‘எம்ஒய்’ என்று இருக்க வேண்டும்.

உங்களுக்கு வழி: 2.4-ஐ 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்ததற்கு மாற்றுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் மட்டும். 13-இல் நின்றால் 11-இல் இருப்பவர்களோடு உரசல் வேறு. சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, சிக்னலோ 20 அகலம். எந்தச் சேனலில் எத்தனை பேர் என்று ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அனலைசர் செயலி போட்டுப் பார்க்கலாம். இரவு 9 மணிவாக்கில் பாருங்கள், அப்போதுதான் எல்லார் வீட்டிலும் ஆள் இருக்கும். முடிந்தவரை சாதனங்களை 5 கிகாவுக்குத் தள்ளிவிடுங்கள். அடுக்ககத்தில் 2.4-ஐ விளக்கு, வாஷிங் மெஷின் மாதிரிப் பொருள்களுக்கு விட்டுவிடுவது நல்லது.

செந்தூல் டீச்சர் | திங்கள் மாலை 6.41

6-க்கு மாற்றினேன். டேப்லெட் உடனே பிடித்துக்கொண்டது. மிக்க நன்றி தம்பி.

ஜெலுத்தோங் வாசி | புதன் இரவு 10.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். நாட்டுப் பட்டியலில் முதலில் மலேசியா இல்லை. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இதே மாடலுக்கு, இதே வன்பொருள் பதிப்புக்கு வந்த புதிய ஃபர்ம்வேர் (ரவுட்டரின் உள் மென்பொருள்) போட்ட பிறகு பட்டியல் நீண்டது, மலேசியாவும் வந்தது. மாற்றியதும் பெட்டி தானாக மறுதொடக்கம் ஆனது. சேனல் பட்டியலில் 149 முதல் 165 வரை புதிதாகத் தெரிந்தன. 149, அகலம் 80 வைத்தேன். டிவி பெட்டி ரிமோட்டை எடுத்து ‘தேடு’ அழுத்தியதுமே பெயர் வந்துவிட்டது. இன்று மதியம் நல்ல இடி மழை, மகளின் வகுப்பு அறுபடாமல் முடிந்தது. லாக்கில் ரேடார் வரி இல்லை.

கோபுரம் அண்ணனுக்கும் மழைக்கணக்கு சாருக்கும் பெரிய நன்றி. பட்டியலில் மலேசியா வராமலே போயிருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? என் மச்சானிடம் இதே மாதிரி வெளிநாட்டுப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதற்குப் புதிய ஃபர்ம்வேரே இல்லை.

கோபுரம் | வியாழன் காலை 7.50

கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது அண்ணே.

மச்சான் பெட்டிக்கு: நாட்டைத் தொடாமல், சேனலை மட்டும் 36-க்கு மாற்றி 80 அகலத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். 36 முதல் 48 வரை ஜெர்மனியிலும் சரி இங்கும் சரி பொதுவான இடம். டிஎஃப்எஸ் இல்லை, எல்லாச் சாதனங்களுக்கும் தெரியும். ஜெர்மனி அமைப்பில் அங்கே 200 மில்லிவாட்தான் கிடைக்கும், ஒரே மாடி வீட்டுக்கு அது போதும். 2.4-ஐ 1, 6, 11-இல் ஒன்றில் வைத்தால் ஜெர்மனி விதியின் 100 மில்லிவாட் நம் 500-க்குள் அடங்கிவிடும். கண்ட தளத்திலிருந்து வேறு நாட்டு ஃபர்ம்வேர் எடுத்துத் திணிக்க வேண்டாம். பெட்டி செத்துப்போனவர்களை கோலாலம்பூர் லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் கடைக்காரர்கள் வாரந்தோறும் பார்க்கிறார்கள். புதிதாக வாங்குபவர்களுக்கு, சிரிம் என்ற தரச்சோதனை அமைப்பு சோதித்து எம்சிஎம்சி முத்திரை போட்ட பெட்டியாகப் பார்த்து வாங்கினால் இந்தப் பேச்சே எழாது, மலேசியா முதலிலேயே அமைந்திருக்கும்.

கெலுகோர் மெஷ் | வியாழன் இரவு 9.33

கடைசியாக ஒரு சந்தேகம். வைஃபை 7 மெஷ் வாங்கியிருக்கிறேன், ஒன்றோடொன்று இணைந்து வீடு முழுக்க ஒரே வைஃபை தரும் மூன்று பெட்டி, 6 கிகாஹெர்ட்ஸும் உண்டு. விளம்பரத்தில் ‘320 மெகாஹெர்ட்ஸ் அகலம்’ என்று போட்டிருக்கிறது. அமெரிக்க விமர்சனங்களில் 6 கிகாவில் நிறைய சேனல் காட்டுகிறார்கள், எனக்குக் கொஞ்சம்தான் வருகிறது. நாட்டு அமைப்பால்தானா?

கோபுரம் | வியாழன் இரவு 10.20

ஆமாம், ஆனால் குறையில்லை. அமெரிக்கா 2020-இல் 5925 முதல் 7125 வரை 1200 மெகாஹெர்ட்ஸை மொத்தமாகத் திறந்தது. மலேசியா 5925–6425, அதாவது கீழ்ப்பகுதி 500 மெகாஹெர்ட்ஸைத் திறந்திருக்கிறது. 500-க்குள் 320 அகலத்தில் ஒரே ஒரு சேனல்தான் அடங்கும், 160 என்றால் மூன்று. மூன்று பெட்டியும் ஒரே 320-இல் நின்று ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதற்குப் பதிலாக 160 வைத்துப் பாருங்கள். அடுக்ககமாக இருந்தால் நிச்சயம் 160.

மெஷ்ஷுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பெட்டிகளுக்கு இடையிலான இணைப்பு 5 கிகாவின் ரேடார் பகுதியில் விழுந்தால், ரேடார் வரும் நேரம் வீடு முழுக்க அறுந்துபோகும். அந்த இணைப்பை 6 கிகாவிலோ 149-இலோ நிறுத்துங்கள். சுவருக்குள் கேபிள் போட வழி இருந்தால் கேபிளே போடுங்கள். மூன்று பெட்டியிலும் நாடு மலேசியா என்றுதான் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். தனித்தனியாக வாங்கிச் சேர்த்த பெட்டிகளில் ஒன்று வேறு நாட்டில் இருந்து, மற்ற இரண்டோடு சேராமல் அடம்பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ரீசெட் செய்தாலும் பழைய நாட்டுக்கே போய்விடும், முதல் அமைப்புத் திரையில் மறுபடி மலேசியா தேர்ந்தெடுக்க வேண்டும்.